மூன்று திறப்புகள்

எங்கள் உம்மும்மாவின் அறையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. முதிரை மரத்தால் செய்தது. நான்கு பேர் பிடித்தாலும் தூக்கச் சிரமம். உம்மும்மா ஹஜ்ஜுக்குப் போன வருடம் அதற்கு மூன்று பூட்டுகள் போட்டு, திறப்புகளைத் தன் மூன்று பெண்மக்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியும்மாவிடம் ஒன்று, உம்மாவிடம் ஒன்று, சாச்சியிடம் ஒன்று. உள்ளே காணி உறுதிகளும் கொஞ்சம் நகைகளும். மூவரும் ஒன்றாக வந்தால்தான் பெட்டி திறக்கும்.

சாச்சிக்கு அப்போது கோபம் வந்ததாம். "எங்கள நம்பல்லயா உம்மா?" என்று கேட்டாராம். உம்மும்மா சொன்ன பதிலை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள்: "நம்பாததால இல்ல மகள். நாளைக்கு ஒண்டு குறைஞ்சா ஒருத்தி மேல பழி வரக்கூடாது. அதுக்குத்தான்."

குவாண்டம் பௌதிகவியலைக் கொண்டு பலர் சேர்ந்து ஒரு இரகசியத்தைக் காப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம். பெட்டியில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. நான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கியது பரீட்சைக்காக அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடந்த வருடம் தோழிகள் ஏழு பேர் ஒரு வட்ஸ்அப் குழுவில் இருந்தோம். ஒருத்தி ஓர் இரவு தன் வீட்டு விடயம் ஒன்றைக் குரல்பதிவாக அனுப்பினாள். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். மூன்றாம் நாள் அது வெளியே பேச்சாகிவிட்டது. அவளை விட்டால் நாங்கள் ஆறு பேர். அவள் என்னைச் சந்தேகித்தாள். எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே ஒழுங்கையில் இருப்பது அதற்குப் போதுமாக இருந்தது. நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? நடந்த ஒன்றுக்குச் சாட்சி இருக்கும். நடக்காத ஒன்றுக்கு யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

அந்தக் குழுவின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. செய்தி அவளது தொலைபேசியிலிருந்து எங்கள் தொலைபேசிகள் வரை மறைகுறியாக்கப்பட்டே வந்தது. ஆனால் வந்து சேர்ந்த பின் ஆறு பேரில் எவராலும் தனியாக அதைத் திறந்து கேட்க முடிந்தது. உம்மும்மா செய்த வேலை எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

ஓர் இரகசியத்தைப் பங்கு வைப்பதற்குக் கணிதத்தில் அழகான ஒரு வழி உண்டு. 1979இல் அடி ஷமிர் என்பவர் எழுதியது. இணைந்த கணிதம் படிக்காதவர்களும் பயப்பட வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு நேர்கோடு போதும். இரகசியம் ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோடு ஒன்றை, அது செங்குத்து அச்சை அந்த எண்ணில் வெட்டும்படி வரைகிறோம். கோட்டை மறைத்துவிட்டு, அதன் மேலுள்ள வேறு மூன்று புள்ளிகளை மூவருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறோம். ஒரு புள்ளியை வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, ஏனெனில் ஒரு புள்ளியூடாக எண்ணற்ற கோடுகள் போகும். இரண்டு பேர் சேர்ந்தால் கோடு கிடைத்துவிடும், இரகசியமும் கிடைத்துவிடும். மூவரும் வந்தாக வேண்டுமென்றால் நேர்கோட்டுக்குப் பதிலாகப் பரவளைவு. (நடைமுறையில் எண்களை ஒரு முதன்மை எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துச் செய்வார்கள். அது இங்கே அவசியமில்லை.)

மூவரில் இருவர் போதும் என்ற ஏற்பாட்டின் அருமை எங்கள் வீட்டாருக்கு நன்றாகத் தெரியும். சாச்சி கட்டாருக்குப் போனபோது தன் திறப்பையும் கையோடு கொண்டுபோய்விட்டார். காணி அளக்க உறுதி தேவைப்பட்டது. அவர் விடுமுறையில் வரும்வரை எட்டு மாதம் காத்திருந்தோம்.

ஷமிரின் கணிதத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் புள்ளிகளை மூவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே! உம்மும்மா திறப்புகளைக் கைகளில் வைத்துக் கொடுத்தார். தூரத்தில் இருப்பவர்களுக்கு அனுப்பும்போது வழியில் யாராவது பிரதி எடுத்தால்? இன்று இணையத்தில் திறப்புகளைப் பரிமாறப் பயன்படும் முறைகள், சில கணக்குகளைச் செய்வது மிகக் கடினம் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது அதிலொன்று. போதிய பெரிய குவாண்டம் கணினி ஒன்று கிடைத்தால் அதைச் செய்துவிடலாம் என்று 1994இல் பீற்றர் ஷோர் காட்டிவிட்டார். அப்படியொரு கணினி இன்னும் இல்லை. ஆனால் இன்று பூட்டிய செய்திகளைச் சேமித்து வைத்து, அந்தக் கணினி வரும் நாளில் திறந்து பார்க்க ஒருவர் எண்ணினால் தடுப்பதற்கு வழியில்லை.

அதற்குப் பௌதிகவியல் தந்த விடை 1984இல் வந்தது. இதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1979இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போயிருந்த ஜில் பிரசார் கடலில் நீந்திக்கொண்டிருந்தார். அறிமுகமே இல்லாத ஒருவர் நீந்திக்கொண்டு பக்கத்தில் வந்து, கள்ள நோட்டு அடிக்க முடியாதபடி குவாண்டம் பணத்தாள் செய்வது பற்றிப் பேசத் தொடங்கினாராம். அவர்தான் சார்ள்ஸ் பெனற். அந்தக் கடற்பேச்சிலிருந்து வளர்ந்த கட்டுரையை இருவரும் ஐந்து வருடத்தின் பின் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். அந்த மாநாடு நடந்த இடம் நமக்கு மிக அருகில்தான், பெங்களூர்.

ஒளிமின் விளைவு படிக்கும்போது நாம் சந்திக்கும் போட்டன்தான் இங்கேயும் வருகிறது. ஒரு போட்டனுக்கு முனைவாக்கம் என்ற திசை உண்டு. அதை இரண்டு விதமாகக் கேட்கலாம்: "நீ நிலைக்குத்தா, கிடையா?" என்று ஒரு விதம், "நீ வலச்சரிவா, இடச்சரிவா?" என்று மற்ற விதம். அனுப்பியவர் எந்த விதத்தில் எழுதினாரோ அதே விதத்தில் கேட்டால் சரியான விடை வரும். மற்ற விதத்தில் கேட்டால் நாணயம் சுண்டியது போல ஏதோ ஒன்று வரும். அதோடு முதலில் எழுதியிருந்ததும் அழிந்துபோகும். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு ஆறுதலாகக் கேட்கலாமா என்றால் அதுவும் முடியாது. தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதி செய்ய இயற்கை இடம் தராது என்பது 1982இல் நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே வழியில் ஒட்டுக்கேட்பவர் ஊகித்துத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு போட்டனையும் அவர் அப்படிப் பிடித்துக் கேட்டு மீண்டும் அனுப்பினால், இருவரும் ஒரே விதமாகக் கேட்ட இடங்களிலும் நான்கில் ஒன்று பிழைக்கும். அனுப்பியவரும் பெற்றவரும் சில விடைகளை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தால் கள்வன் வந்துபோனது தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தத் திறப்பை எறிந்துவிடலாம். இரகசியத்தை இன்னும் அனுப்பவே இல்லையே!

1989இல் இதை முதன்முதலில் செய்து பார்த்தபோது போட்டன்கள் போன தூரம் சுமார் 30 சென்ரிமீற்றர். நமது அடிமட்டத்தின் நீளம். அதிலும் ஒரு வேடிக்கை. முனைவாக்கத்தை மாற்றும் கருவிக்கு மின்சாரம் கொடுத்த பகுதி, திசைக்குத் திசை வேறுபட்ட சத்தம் போட்டதாம். காது கேளாத கள்வனிடமிருந்து மட்டுமே தங்கள் கருவி பாதுகாப்பானது என்று பிரசார் பின்னர் பகிடியாக எழுதினார். சமன்பாட்டில் வராத ஒரு துவாரம் கருவியில் எங்காவது இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் படிக்கவில்லை.

இதுவரை சொன்னது இருவருக்கு. பலர் என்றால்? எட்டுப் பேர் இருந்தால் 28 சோடிகள். நாற்பது பேர் கொண்ட எங்கள் வகுப்பில் 780 சோடிகள். சோடி சோடியாகத் திறப்பு அமைப்பது ஒரு வழி. 2020இல் பிரிஸ்டல் நகரில் எட்டுப் பேரை ஒரே ஒளி மூலத்தால் அப்படி இணைத்துக் காட்டினார்கள். ஆனால் என் மனதைப் பிடித்தது வேறு வழி.

1989இல் கிரீன்பேர்கர், ஹோர்ன், சைலிங்கர் என்ற மூவர் ஒரு விசித்திரமான நிலையைப் பற்றி எழுதினார்கள். மூன்று துகள்கள் ஒன்றாகப் பின்னப்பட்ட நிலை. (சைலிங்கருக்கு 2022இல் வேறு இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது.) இந்த மூன்று துகள்களையும் பெரியும்மா, உம்மா, சாச்சி ஆகியோருக்கு ஆளுக்கொன்றாக அனுப்புவோம். புத்தகங்களில் இவர்களுக்கு அலிஸ், பொப், சார்லி என்று பெயர். எனக்கு என் ஆட்களே வசதி. ஒவ்வொருவரும் தன் துகளிடம் மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம். அவற்றுக்கு ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று பெயர் வைப்போம். விடை எப்போதும் +1 அல்லது −1.

மூவரும் ‘இ’ கேட்டால் மூவருக்கும் ஒரே விடை வரும். எல்லாருக்கும் +1, அல்லது எல்லாருக்கும் −1. எது என்று கேட்கும்வரை உலகில் எவருக்கும் தெரியாது. பலமுறை செய்தால் மூவர் கையிலும் ஒரே திறப்பு. இது நம் வட்ஸ்அப் குழு போல.

அதே துகள்களிடம் ‘அ’வும் ‘ஆ’வும் கேட்டால் நடப்பது வேறு. மூவரும் ‘அ’ கேட்டால் மூன்று விடைகளின் பெருக்கம் எப்போதும் +1. ஒருவர் ‘அ’வும் மற்ற இருவரும் ‘ஆ’வும் கேட்டால் பெருக்கம் எப்போதும் −1. மீதிச் சேர்க்கைகளில் எந்த ஒழுங்கும் இல்லை, அவற்றை விட்டுவிடுவார்கள். எட்டில் நான்கு அப்படிப் போகும். இப்போது பாருங்கள். பெரியும்மாவின் விடை என்னவென்று உம்மாவால் தனியே சொல்ல முடியாது. சாச்சியாலும் முடியாது. இருவரும் தங்கள் விடைகளைச் சேர்த்துப் பெருக்கினால் பெரியும்மாவின் விடை வந்துவிடும். பெரியும்மா அந்த விடைகளைத் திறப்பாக வைத்து ஒரு கடிதத்தைப் பூட்டி அனுப்பினால், தங்கைகள் இருவரும் ஒன்றுகூடித்தான் அதைத் திறக்கலாம்.

ஒரே மூன்று துகள்கள்தான். ஒருவிதமாகக் கேட்டால் எல்லாரும் அறிந்த குழு, இன்னொரு விதமாகக் கேட்டால் உம்மும்மாவின் பெட்டி. 1999இல் ஹில்லரி, புஷெக், பெர்த்தியோம் என்ற மூவர் இந்த இரண்டாவது பயனை விளக்கி, அதற்குக் குவாண்டம் இரகசியப் பங்கீடு என்று பெயரிட்டார்கள். வெளிக் கள்வனை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. மூவரில் ஒருவரே வஞ்சித்தால், அதாவது சாச்சிக்குப் போக வேண்டிய துகளை உம்மா இடையில் பிடித்துப் பொய்த் துகள் ஒன்றை அனுப்பினால் (உம்மா மன்னிக்கவும்), என்ன நடக்கும் என்றும் ஆராய்ந்தார்கள். சில சுற்றுகளைச் சோதனைக்கென ஒதுக்கி விடைகளை ஒப்பிட்டால் பெருக்கம் பிழைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தச் சோதனையில் யார் முதலில் வாய் திறப்பது என்பதையும் கவனமாக ஒழுங்கு செய்ய வேண்டும். மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடைசியில் பேசுபவருக்கு விடையைச் சோடிக்க வசதி அதிகம்.

இதையெல்லாம் ஒருநாள் அஸருக்குப் பிறகு உம்மும்மாவிடம் சொன்னேன். அவர் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். போட்டனும் பெருக்கமும் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த மூணயும் செஞ்சி அனுப்பினவன் ஒருத்தன் இருப்பான்தானே மகள்? பூட்டு செஞ்சவன் நாலாவது திறப்பொண்டு வெட்டித் தன்ட கையில வெச்சிருந்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வாரம் தேடினேன். கிடைத்த பதில் என் பதினேழு வயதில் நான் படித்தவற்றுள் மிக அழகானது. முழுவதையும் எழுதுகிறேன், பென்சில் எடுத்துச் செய்து பார்க்கலாம்.

துகள்களைச் செய்தவன் விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்து, தனக்கும் ஒரு பிரதி வைத்துக்கொண்டான் என்று எண்ணுவோம். அப்படியானால் ஒவ்வொரு துகளிலும் ‘அ’வுக்கு ஒரு விடையும் ‘ஆ’வுக்கு ஒரு விடையும் தயாராக இருக்க வேண்டும். யார் எதைக் கேட்பார் என்று அவனுக்குத் தெரியாதல்லவா? ஒருவர் ‘அ’, இருவர் ‘ஆ’ என்பது மூன்று வகையில் நடக்கலாம். பெரியும்மா ‘அ’ கேட்கலாம், அல்லது உம்மா, அல்லது சாச்சி. மூன்று வகையிலும் பெருக்கம் −1 ஆக வரும்படி அவன் எழுதியிருக்க வேண்டும். இனி அந்த மூன்று பெருக்கங்களையும் ஒன்றாகப் பெருக்குங்கள். ஒரு பக்கத்தில் (−1) × (−1) × (−1) = −1. மறுபக்கத்தில் ஒவ்வொருவரின் ‘ஆ’ விடையும் இரண்டு தடவை வருகிறது. +1இன் வர்க்கமும் 1, −1இன் வர்க்கமும் 1. எனவே எல்லா ‘ஆ’க்களும் மறைந்து, மூவரின் ‘அ’ விடைகள் மட்டும் எஞ்சுகின்றன. அவற்றின் பெருக்கம் −1 ஆக இருந்தே தீர வேண்டும்.

ஆனால் மூவரும் ‘அ’ கேட்டால் இயற்கை தருவது +1.

எப்படி எழுதினாலும் அந்தப் பட்டியல் பொருந்தாது. ஆகவே பட்டியல் இல்லை. கேட்கும்வரை விடையே இல்லை; இல்லாத விடைக்குப் பிரதி எடுக்க எவராலும் முடியாது. பட்டியலுக்குப் பதிலாக அவன் நான்காவது துகள் ஒன்றை இரகசியமாக இவற்றோடு பின்னி வைத்தால், மூவருக்குள் இருந்த அந்த ஒழுங்கே குலைந்துபோய்ச் சோதனையில் அகப்படுவான். இது வெறும் கடதாசிக் கணக்கும் அல்ல. மூன்று போட்டன்களைப் பின்னி உண்மையாகவே கேட்டுப் பார்த்த பரிசோதனை 2000ஆம் ஆண்டு வெளியானது. பட்டியல்தான் தோற்றது.

உம்மும்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப பூட்டுக்காரனயும் நம்பத் தேவல்ல" என்றார். ஒரு பல்கலைக்கழக விரிவுரையை அவர் நான்கு சொல்லில் முடித்துவிட்டார்.

அதே 1999இல் வேறொரு மூவர், கிளீவ், கொட்டஸ்மன், லோ, இன்னொன்றையும் காட்டினார்கள். காக்க வேண்டிய இரகசியமே ஒரு குவாண்டம் நிலையாக இருந்தால், மூவரில் இருவர் திறக்கலாம் என்று பங்கு வைக்கலாம். நால்வரில் எந்த இருவரும் திறக்கலாம் என்று வைக்க முடியாது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நால்வர் இரண்டு கூட்டமாகப் பிரிந்து தனித்தனியே திறந்தால் ஒரே நிலை இரண்டு இடத்தில் வந்துவிடும். அது பிரதி. அதற்குத்தான் இயற்கையில் இடமில்லையே.

இவ்வளவு நல்ல விடயம் ஏன் இன்னும் நம் கைக்கு வரவில்லை என்று பெற்றோர் யாராவது கேட்கலாம். முதல் காரணம் ஒளியியல் நார். 100 கிலோமீற்றர் நல்ல நாரில் நூறு போட்டன் போனால் ஒன்றுதான் போய்ச் சேரும். வழக்கமான இணையத்தில் இடையிடையே சைகையைப் பெருக்கி அனுப்புவார்கள். இங்கே பெருக்குவதென்றால் பிரதி எடுப்பது, அது முடியாது. மூவரும் மூலத்திலிருந்து ஆளுக்கு 100 கிலோமீற்றர் தொலைவில் இருந்தால், மூன்று துகளும் ஒருசேரத் தப்பிப் போவது பத்து இலட்சத்தில் ஒரு தடவை. 2021இல் எடின்பரோவின் ஹெரியட்-வொட் பல்கலைக்கழகத்தார் நால்வருக்குப் பொதுத் திறப்பு வழங்கிக் காட்டியபோது பயன்படுத்திய நார் 50 கிலோமீற்றர் வரைதான்.

சீனாவில் பெய்ஜிங்கிலிருந்து ஷங்காய் வரை 2000 கிலோமீற்றர் நீளத்தில் ஒரு குவாண்டம் பாதை 2017இல் திறக்கப்பட்டது. வழியில் 32 நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் திறப்பு ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டு மீண்டும் பூட்டப்படுகிறது. அதே ஆண்டு மிசியஸ் என்ற செய்மதி மூலம் பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையில் திறப்புகள் பரிமாறப்பட்டு, இரு நாட்டு விஞ்ஞானிகளும் காணொளியில் பேசினார்கள். 7600 கிலோமீற்றர்! பத்திரிகைகள் கொண்டாடிய செய்தி அது. ஆனால் அந்தத் திறப்புகள் அந்தச் செய்மதிக்கும் தெரியும். 32 நிலையங்களையும் ஒரு செய்மதியையும் நம்பினால்தான் இந்தப் பாதுகாப்பு. என் உம்மும்மா சம்மதிப்பாரா என்பது சந்தேகம்.

இன்னொரு குறையும் உண்டு. வழியில் எவரும் கேட்கவில்லை என்று போட்டன் சொல்லும். மறுமுனையில் இருப்பது உண்மையில் சாச்சிதானா என்று சொல்லாது. அதற்கு முன்கூட்டியே பகிர்ந்த சிறு இரகசியமோ வேறொரு வழியோ வேண்டும். முன்பின் அறிமுகமில்லாத இருவரைக் குவாண்டம் பௌதிகவியல் அறிமுகப்படுத்தி வைக்காது.

எங்கள் ஏழு பேரின் விடயத்துக்கு வருகிறேன். இந்த முறைகளில் ஒன்றாவது எங்களிடம் இருந்திருந்தால் அது நடந்திருக்காதா? நடந்திருக்கும். குரல்பதிவை ஆறு பேரும் சேர்ந்தே திறந்திருந்தாலும், கேட்ட பின் அது ஆறு பேரின் காதிலும் இருக்கும். காதில் விழுந்ததை எந்தப் பின்னலும் திரும்ப வாங்காது. உறுதியையும் நகையையும் பெட்டியில் திருப்பி வைக்கலாம், கேட்டதைத் திருப்பி வைக்க முடியாது. அந்த வித்தியாசம் விளங்க எனக்கு இவ்வளவு பௌதிகவியல் தேவைப்பட்டது.

யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் குழு இப்போது இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. இந்தக் கட்டுரையில் அவளைப் பற்றி வருவதால், சஞ்சிகைக் குழுவிடம் கொடுக்குமுன் அவளிடம்தான் கொண்டுபோனேன். முற்றத்தில் நின்றபடியே வாசித்தாள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. மூன்று பெருக்கங்களைப் பெருக்கும் பந்தியில் ஓரிடத்தில் நான் எதிர்க்குறி போட மறந்திருந்தேன். உள்ளே போய்ப் பென்சில் எடுத்து வந்து அதைப் போட்டுத் தந்தாள்.